இடக்கண்ணுக்கு வந்த தாய்மாமன் சீர்

மார்கழியின் கடைசி வாரத்தில், பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வேண்டுமென்று நான்கைந்து ஊர்களின் வண்டிகள் காளவாய்க்கு முன்னால் வரிசை கட்டி நிற்கும் பருவத்தில், பத்து மணிப் பேருந்து வந்து திரும்பிப் போன சற்று நேரத்துக்கெல்லாம், சிப்பிமேட்டுத் தையல்நாயகியின் இடக்கண்ணில் சுண்ணாம்பு தெறித்தது. உப்பங்கழியில் வாரிய கிளிஞ்சலைக் கரியோடு அடுக்கிச் சுட்டு, சுட்டதைத் தரையில் பரப்பி, அதன்மேல் தண்ணீர் தெளித்தால், அது சீறிக்கொண்டும் ஆவி கக்கிக்கொண்டும் தானே வெடித்துத் தானே பொடியாகும். அந்தத் தண்ணீரைத் தெளிப்பதுதான் அவளுடைய வேலை. எத்தனையோ ஆண்டுகளாகக் காற்றுக்கு முதுகைக் காட்டியே தெளித்து வந்தவள், அன்று, பின்னால் அடுத்த வீட்டுப் பவளக்கொடியின் இடுப்பிலிருந்த கைக்குழந்தை தும்மியதைக் கேட்டு, ‘ஆயுசு நூறு’ என்று சொல்லத் திரும்பினாள். திரும்பிய முகத்தில் காற்று ஒரு பிடியை எறிந்தது.

சிப்பிமேட்டில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் பேச்சு வருமுன்னே தெரிந்துவிடும் பாடம் ஒன்று உண்டு: சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும். ஆகையால் சுண்ணாம்பு விழுந்த கண்ணுக்கு அங்கே எவரும் தண்ணீரைக் காட்ட மாட்டார்கள். வேறு ஊராக இருந்தால், ஒன்றும் அறியாத யாராவது ஒருவர் ஒரு குடத்தைத் தூக்கி அவள் முகத்தில் கவிழ்த்திருப்பார். அந்த அறியாமை அவளைக் காப்பாற்றியிருக்கும். இங்கே எல்லோரும் அறிந்தவர்கள். நிரம்பிய தொட்டிகளுக்கு நடுவே அவளைக் கிடத்தி, தண்ணீர்க் குடங்களை எட்ட நகர்த்தி வைத்துவிட்டு, பவளக்கொடி ரவிக்கையைத் தளர்த்தித் தன் பாலைப் பீய்ச்சி அந்தக் கண்ணில் விட்டாள். கண்நோவுக்குத் தாய்ப்பால் விடுவது வழக்கம். சுண்ணாம்பு வழக்கத்துக்குக் கட்டுப்படவில்லை.

காளவாயில் கரி அடுக்கிக்கொண்டிருந்த அவள் கணவன் கலியபெருமாள், கரி படிந்த தன் முகத்தைக்கூடக் கழுவாமல் அப்படியே அவளை நகரத்துக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். அங்கே இருந்தவர் டாக்டர் பர்வீன்.

“எவ்வளவு நேரம் கழிச்சுக் கழுவினீங்க?”

“கழுவலைம்மா. பால்தான் விட்டோம்.”

“ஏன், தண்ணி இல்லையா அங்க?”

“தொட்டி தொட்டியா இருந்துச்சு,” என்றான் கலியபெருமாள். “தண்ணி பட்டா கொதிக்குமேம்மா.”

“குவியலா இருந்தா கொதிக்கும். கண்ணுல விழுந்ததைக் கழுவிக் கழுவி ஓட விட்டிருந்தா, கொதிக்கறதுக்கு அங்க என்ன மிச்சம் இருக்கும்?” டாக்டர் அதற்குமேல் கடிந்துகொள்ளவில்லை. குழாயைத் திறந்து, தானே நின்று, பொழுது சாயும் வரை அந்தக் கண்ணைக் கழுவினார்.

கண் போகவில்லை, ஆனால் அதன் மேற்பரப்பு அவித்த முட்டையின் வெள்ளையைப் போலத் தடித்து, மூடிப்போயிற்று. பொங்கல் முடிந்து, புண் தணிந்தபின், தை மாதக் கடைசியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. முடிந்த மறுநாள், படுக்கையருகே வந்து உட்கார்ந்து, டாக்டர் பர்வீன் அதை அவளுக்கு விளங்கும்படி சொன்னார்.

“நாத்தங்கால் மாதிரிதான். உங்க நல்ல கண்ணோட ஓரத்துலேர்ந்து நெல்லு முனையளவு எடுத்து இந்தக் கண்ணுல நட்டிருக்கேன். விதைச்சதுக்கு மேல வைக்கோல் போர்த்துவாங்களே, அதுபோல ஒரு தோலைப் போர்த்தித் தைச்சிருக்கேன். அடியில நாத்து பிடிச்சதும் மேல இருக்கற தோல் தானாக் கரைஞ்சிடும்.”

“என்ன தோலும்மா?”

“பனிக்குடத் தோல். வயித்துல குழந்தையைச் சுத்தி இருக்குமே, அது. ஆபரேஷன்ல பிள்ளை பெத்த ஒரு அம்மா மனசார எழுதிக் கொடுத்தது. சுத்தம் பண்ணி ஐஸ்ல வச்சிருப்போம்.”

“யாரும்மா அவங்க?”

“அதைச் சொல்லக்கூடாது.”

தையல்நாயகி கண்ணின்மேல் இருந்த கட்டை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “அந்தப் பிள்ளை நல்லா இருக்கா?” என்று கேட்டாள்.

அவளுக்கு அப்போது நாற்பது வயது, மணமாகி இருபது ஆண்டு, பிள்ளை இல்லை. சிப்பிமேட்டில் யாரும் அதைச் சொல்லி அவளைச் சுட்டதில்லை. வளைகாப்புக்கு அழைப்பார்கள், பந்தியில் முதல் இலை போடுவார்கள். வளையல் அடுக்கும் நேரத்தில் மட்டும் அவளுக்கு அடுப்படியில் ஏதாவது ஒரு வேலை இருக்கும். அவளும் அந்த வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டு வருவாள். சேத்தியாத்தோப்பில் உரக்கடை வைத்திருக்கும் அவள் அண்ணன் முத்துக்குமாரசாமியின் மகள் பெரியவளானபோது, அத்தை என்ற முறையில் முதல் நீர் ஊற்றச் சொம்பைக் கையில் எடுத்தவளை, அண்ணி வீட்டார், “கொஞ்சம் தள்ளி நில்லும்மா, பிள்ளை பெத்தவ ஊத்தட்டும்” என்றார்கள். அண்ணன் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடாமல் பேருந்து ஏறினாள். அதன்பின் ஆறு ஆண்டுகளாக அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

இவ்வளவும் தெரிந்தால்தான் இனி நடந்தது விளங்கும்.

மாசி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை, நடுப்பகலில், வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்த தையல்நாயகியின் இடக்கண் அழுதது. கண்ணீர் விட்டதைச் சொல்லவில்லை. கண்ணீரை எல்லாக் கண்ணும் விடும். அது கட்டுக்குள்ளிருந்து குரலெடுத்து அழுதது, பிறந்து சில நாளே ஆன சிசு மூச்சைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி, ஊர் கேட்டதா என்று பார்த்துவிட்டு, மறுபடி வீறிடுமே, அப்படி அழுதது. அடுத்த வீட்டில் பவளக்கொடிக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. பார்த்தால் அவள் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் வேலியைத் தாண்டி வந்தாள். கலியபெருமாளின் அக்காள் அஞ்சலாட்சி, மீன் கழுவிய கையோடு தெருவின் மறுகோடியிலிருந்து வந்து, தம்பி மனைவியின் கன்னத்தில் காதை வைத்துக் கேட்டாள்.

“பசிக்கு அழுவுது,” என்றாள். “ஏன்டி தையலு, இப்படியே மரம் மாதிரி உக்காந்திருந்தா எப்படி? தட்டிக் கொடு.”

எங்கே தட்டுவது என்று தெரியாமல் தையல்நாயகி தன் நெற்றியைத் தட்டிக் கொடுத்தாள். அழுகை விக்கலாக மாறி, ஓய்ந்தது.

கண் ஏன் அழுகிறது என்று சிப்பிமேட்டில் ஒருவரும் கேட்கவில்லை. பனிக்குடம் இருந்தால் அதற்குள் பிள்ளை இருக்கும். அதில் கேட்க என்ன இருக்கிறது? அவர்களுக்கு இருந்த ஐயங்கள் வேறு. பிறந்த நாளாக எதைக் கொள்வது, தைத்த நாளையா, அழுத நாளையா என்று குழாயடியில் ஒரு காலைப்பொழுது முழுதும் பேசி, அழாத பிள்ளையைப் பிறந்ததாக யார் சொல்வார்கள் என்று முடிவாயிற்று. தீட்டுக் காக்க வேண்டுமா என்று அடுத்துப் பேசி, காக்கத்தான் வேண்டும் என்று கலியபெருமாளின் பங்காளிகள் அத்தனை பேரும் காளவாய்க்குத் தீ வைக்க மறுத்து வீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். இறால் குட்டைக்காரர்களுக்கு லாரி லாரியாகச் சுண்ணாம்பு தர ஒப்புக்கொண்டிருந்த முதலாளி தெருவுக்கே வந்துவிட்டார்.

“கண்ணு பொறந்ததுக்கெல்லாம் தீட்டுன்னா என் காளவாய் எப்படிய்யா எரியும்?”

“உங்க வீட்டுல பொறந்தா நீங்க காக்க வேணாம் முதலாளி,” என்றாள் அஞ்சலாட்சி. “எங்க வம்சத்துல இருவது வருசம் கழிச்சுப் பொறந்திருக்கு. நாங்க காப்போம்.”

கண்ணேறு கழிப்பதுதான் கடினமாக இருந்தது. கண்ணுக்கே கண்பட்டால் எதைச் சுற்றிப் போடுவது என்பதற்கு முன்னோர் யாரும் விடை வைத்துவிட்டுப் போகவில்லை. கடைசியில் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டு, இடக்கன்னத்தில் மைப்பொட்டு ஒன்று வைத்தார்கள். உத்தரத்தில் புடவையால் தூளி கட்டி, தையல்நாயகியைத் தரையில் படுக்கவைத்து, தலையை மட்டும் தூளிக்குள் ஏந்தி, நான்கு பெண்கள் முறை வைத்து ஆட்டினார்கள். பிள்ளை உறங்குமுன் தாய்க்குத் தலை சுற்றியது. அங்கன்வாடி மைதிலி டீச்சர் எடைக் கருவியோடு வந்து, தாயை எடை போட்டுவிட்டு, பிள்ளைக்கு எவ்வளவு கழிப்பது என்று விழித்து, ஒன்றும் கழிக்காமல், பாலூட்டும் தாய்க்குரிய சத்துமாவை இரண்டு பொட்டலமாக வைத்துவிட்டுப் போனார். போலியோ சொட்டு மருந்து நாளில் குப்பியோடு வந்து நின்று, “வாய் எங்கம்மா?” என்று கேட்டார்.

“நாலு வேளையும் சொட்டு மருந்து விட்டுக்கிட்டுத்தானே இருக்கோம் டீச்சர், அதுக்கு மேலயா?” என்றாள் பவளக்கொடி.

அதுவும் சரிதான் என்று, தையல்நாயகியின் சுண்டுவிரலில் மையை மட்டும் வைத்துவிட்டு டீச்சர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

கட்டை அவிழ்த்தபின் கண் வெளிச்சத்துக்குக் கூசியது. பிறகு, பச்சைப் பிள்ளைகளைப் போலவே, மனித முகங்களைத் தேடியது. பவளக்கொடியின் முகத்தைப் பார்த்தால் சப்புக்கொட்டும். அஞ்சலாட்சியின் மூக்குத்தியைப் பார்த்தால் அசையாமல் நிற்கும். கலியபெருமாளின் மீசையைக் கண்டால் வீறிடும். அவன் வெளியே சென்று மீசையை எடுத்துவிட்டு வந்தான். எல்லா முகங்களையும் பார்த்த அந்தப் பிள்ளை, ஒரு முகத்தை மட்டும் பார்க்க முடியாதிருந்தது. ஏனெனில் அது அந்த முகத்திலேயே இருந்தது. இதை முதலில் உணர்ந்தவள் தையல்நாயகி. ஒரு பிற்பகல், என்ன தட்டியும் அடங்காமல் கண் கதறியபோது, அவள் சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து எதிரே பிடித்தாள். கண் அவளைப் பார்த்தது. அழுகை நின்றது. ஒரு முகம் என்று எதையோ அது இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்ததும், அந்த முகம் தன்னுடையதே என்பதும், ஒரே நேரத்தில் அவளுக்குத் தெரிந்தன. கலியபெருமாள் மாலையில் வந்தபோது அவள் கண்ணாடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள், கை மரத்துப்போயிருந்தது, இறக்கவில்லை.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் பர்வீன், விளக்கைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். இடையில் கண் சிணுங்கிற்று. டாக்டர் அதற்குத் திடுக்கிடவில்லை. “சில பேருக்கு அழும். போன வருஷம் ஒரு லாரி டிரைவருக்கு விக்கல் எடுத்துக்கிட்டே இருந்துச்சு,” என்றவர், விளக்கை அணைத்து, மகிழ்ச்சியோடு நிமிர்ந்தார். “நாத்து நல்லாப் பிடிச்சிருக்கு. மேல் தோல் ஓரத்துல கரைய ஆரம்பிச்சாச்சு. மருந்தை விடாம ஊத்துங்க. பங்குனி பாதிக்குள்ள தோல் இருந்த சுவடே இருக்காது.”

“கரையாம இருக்க வழி இருக்காம்மா?”

டாக்டர் அவளைப் பார்த்தார். என்ன கேட்கப்படுகிறது என்பது அவருக்கு விளங்கிற்று. “மருந்தை நிறுத்தினா புண்ணாகும், தடிச்சுப் போகும், தோல் அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்கலாம். ஆனா அடியில நட்டது செத்துடும். கண்ணு மறுபடி வெள்ளையாயிடும். ரெண்டாவது தடவை எடுக்கறதுக்கு நல்ல கண்ணுல இடம் அதிகம் இல்லைம்மா.”

பேருந்தில் அவள் கலியபெருமாளிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து, மருந்தைத் தானே விட்டுக்கொள்வதாகச் சொல்லி, கண்ணாடியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், குப்பியைச் சரித்து, சொட்டுகளை மண்ணில் விட்டாள். நான்கு வேளையும் தவறாமல் மண்ணில் விட்டாள். ஒரு கண்ணால் பார்த்தும் வாழலாம். ஊரில் எத்தனையோ பேர் வாழ்கிறார்கள். இருபது ஆண்டுகள் அவள் வேறொன்று இல்லாமல் வாழ்ந்து பார்த்திருந்தாள். இரண்டில் எது கடினம் என்பது அவளுக்குத் தெரியும்.

தீட்டுக் கழிந்தபின், பிள்ளைக்கு இன்னும் சேனை வைக்கவில்லையே என்ற பேச்சு எழுந்தது. பிறந்த பிள்ளையின் நாவில் முதல் சர்க்கரைத் தண்ணீரை நல்ல மனம் உள்ள ஒருவர் தொட்டு வைக்க வேண்டும். வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும். சிப்பிமேட்டில் அதைத் தாய்மாமன்தான் செய்வான். எல்லோரும் தையல்நாயகியைப் பார்த்தார்கள். எவரையும் கேட்காமல் கலியபெருமாள் சட்டையை மாட்டிக்கொண்டு சேத்தியாத்தோப்புக்குப் பேருந்து ஏறினான். அங்கே நடந்ததை அவன் வந்து சொன்னது இது:

“மச்சான், பிள்ளை பொறந்திருக்கு,” என்றானாம்.

முத்துக்குமாரசாமி யூரியா நிறுத்துக்கொண்டிருந்தான். “யாருக்கு?”

“உங்க தங்கச்சிக்கு. இடக்கண்ணுல.”

முத்துக்குமாரசாமி யூரியாவை நிறுத்து முடித்து, மூட்டையைக் கட்டி, காசை வாங்கிக் கல்லாவில் போட்டபின், “எத்தனை நாளாச்சு?” என்று கேட்டானாம். பிறகு, “அப்பவே ஏன் சொல்லலை?” என்று கேட்டு, மச்சான் முன்னிலையிலேயே துண்டால் முகத்தை மூடிக்கொண்டானாம்.

அவன் வருவதற்கு நாள் குறித்த நேரத்தில் பிள்ளைக்கு உடம்பு கெட்டது. கண் செம்பருத்தி நிறத்துக்குச் சிவந்தது; இமை வீங்கிற்று; விடியும்போதெல்லாம் பீளை கட்டி ஒட்டிக்கொண்டது. அழுகை முன்போலத் தெளிவாக வரவில்லை. தொண்டை கட்டிய பிள்ளையின் கரகரப்போடு, விட்டு விட்டு வந்தது. கண்ணாடியைக் காட்டினாலும் ஓயவில்லை. பச்சைப் பிள்ளைக்கு வரும் சுளுக்குதான், உரம் விழுந்திருக்கிறது என்று, புடைத்து எடுக்க அஞ்சலாட்சி முறத்தைக் கொண்டுவந்தாள். தலையை முறத்தில் வைத்துப் புடைப்பது எப்படி என்று தெரியாமல் திருப்பி எடுத்துப் போனாள். “மருந்து ஒழுங்கா விடறியா?” என்று கலியபெருமாள் கேட்டான். “விடறேன்,” என்றாள். பொய் சொல்லிப் பழகாத அவளுக்கு அந்தச் சொல் வாயில் சுண்ணாம்பாகக் காந்தியது.

மாசி மகத்துக்கு மறுநாள் முற்பகலில் முத்துக்குமாரசாமி வந்தான். தலையில் சீர்த்தட்டு, தட்டில் பூ, பழம், சர்க்கரை, மஞ்சள் துணியில் முடிந்த வெள்ளி அரைஞாண், கொலுசு, இன்னும் மடிப்புக் கலையாத ஒரு சிறு சட்டை. மேளக்காரர் இருவரை அவனே அழைத்து வந்திருந்தான். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அவன் தட்டை இறக்கி வைத்துவிட்டுத் தங்கையின் எதிரே நின்றான்.

“வாண்ணே,” என்றாள்.

அவன் குனிந்து பார்த்தான். கண்ணும் அவனைப் பார்த்தது. பார்த்து, அன்று முதன்முறையாக, அழுகையை நிறுத்திற்று.

“யாரு சாயல், சொல்லுங்க தம்பி,” என்று அஞ்சலாட்சி வம்புக்கு இழுத்தாள். “எங்க வகையறாதானே?”

“மத்ததெல்லாம் உங்க வகையறாவா இருந்துட்டுப் போகட்டும். கண்ணு எங்க பக்கம்,” என்றான் முத்துக்குமாரசாமி.

தெரு சிரித்து அடங்கியது. பெண்கள் மணை போடவும் சர்க்கரை கரைக்கவும் உள்ளே போனார்கள். அண்ணனும் தங்கையும் கூடத்தில் தனித்திருந்தபோது, அவன் குரலைத் தாழ்த்தினான்.

“ஏன்ம்மா இப்படிச் செவந்திருக்கு?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“தையலு.”

“மருந்து விட்டாப் போயிடும்ணே.”

அவன் சிவப்பை விட்டு அவள் முகத்தைப் பார்த்தான். “விடலைன்னா?”

“இருக்கும்.” அவள் முந்தானையால் இமையின் ஓரத்தை ஒற்றினாள். “வலியோட இருக்கும்.”

கண் முனகிற்று. வலக்கண் அதனோடு சேர்ந்து நீர் வடித்தது. வெளியே மேளக்காரர் காய்ந்த தோலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்துக்குமாரசாமி எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்,” என்றான். “நீதான் பெத்தவ. உனக்குத் தெரியும்.”

அப்படி ஒரு சொல்லை அவளிடம் அதுவரை எவரும் சொன்னதில்லை. தான் எதற்காக இத்தனை நாள் ஏங்கினோம் என்று அவள் நினைத்திருந்தாளோ, அது அந்தச் சொல்லில் முழுமையாக இருந்தது. முழுமையாக இருந்ததனாலேயே அது அவளை வதைத்தது. பிள்ளை இல்லாத ஒருத்தி தனக்கொரு பிள்ளையை வைத்துக்கொள்ளலாம். பெற்றவளுக்கு அந்த உரிமை இல்லை. தன் மடி நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காக, மடியில் கிடப்பது நோகட்டும் என்று எந்தப் பெற்றவள் பார்த்துக்கொண்டிருப்பாள்? அவள் முனகலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். மேளம் இரண்டு முறை தொடங்கி நின்றது.

பிறகு எழுந்து, மாடத்திலிருந்த குப்பியை எடுத்து வந்து அண்ணன் கையில் வைத்தாள்.

“சேனையை இதாலயே வைச்சிடுண்ணே.”

சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தோடு வந்த அஞ்சலாட்சிக்கு ஒப்பவில்லை. “கசப்பையாடி முதல் சேனையா வைக்கறது? பிள்ளைக்குக் குணம் என்னத்துக்கு ஆகும்?”

“கசப்பால ஒண்ணும் ஆகாது அண்ணி. எங்கண்ணன் குணம் வரும்.”

“உரக்கடைக்காரன் குணமா? கடனே கொடுக்காதே அது,” என்று வாசலில் ஒருவர் சொல்ல, அந்தச் சிரிப்பினூடே, முத்துக்குமாரசாமி தங்கையின் தலையைத் தன் முழங்காலில் சாய்த்து, இமையை விரித்து, ஒரு சொட்டு விட்டான். கண் அதை விழுங்கியது. விழுங்கிய ஒலி முன்வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. பிள்ளையின் காதில் பெயரை மும்முறை ஓத வேண்டும். காது இல்லாததால் அவன் தங்கையின் இடக்காதில் ஓதினான். அந்தப் பெயரை அவள் இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. ஆகையால் இங்கேயும் அது சொல்லப்படவில்லை.

அதன்பின் மருந்து மண்ணில் விழவில்லை. சிவப்பு வடிந்தது, இமை தணிந்தது, தோல் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கரைந்தது. கரையக் கரையப் பிள்ளை வளர்ந்தது. மற்றப் பிள்ளைகள் மாதத்தில் வளர்வதை அது நாளில் வளர்ந்தது. ஒரு நாள், பறக்கும் கொக்கைக் கடைசி வரை பின்தொடர்ந்து பார்த்தது. அதைக் குப்புற விழுந்ததாகக் கொண்டு பவளக்கொடி கொழுக்கட்டை செய்தாள். ஒரு நாள், வாசற்படிக்கு அப்பாலிருந்த ஆட்டுக்குட்டியை அடையாளம் கண்டது. படி தாண்டிவிட்டதென்று பாயசம் வைத்தார்கள். குரல் மட்டும் நாளுக்கு நாள் மெலிந்து, வேலிக்கு அப்பால் கேட்காமல், பிறகு கூடத்தில் கேட்காமல், கடைசியில் தையல்நாயகிக்கு மட்டும், தலைக்குள்ளே, நீருக்கடியில் யாரோ பேசுவதுபோலக் கேட்டது. அவள் மருந்து விடும் ஒவ்வொரு வேளையும், விடுவதற்கு முன் சற்று நேரம் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவசரப்படுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

பங்குனியில் ஒரு காலை, வெயில் ஏறுமுன், அவள் அப்படி உட்கார்ந்திருந்தபோது, கண் அவளை நெடுநேரம் பார்த்தது. கை வலித்துக் கண்ணாடியை இறக்கினாள். எப்போதும் அந்தக் கணத்தில் சிணுங்கும் பிள்ளை அன்று சிணுங்கவில்லை. மறைந்த முகம் இல்லாமல் போய்விடுவதில்லை, அது அங்கேதான் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் ஒரு பருவத்தில் கற்றுக்கொள்கின்றன. கற்றுக்கொண்ட பிள்ளை, தாய் கொல்லைக்குப் போனாலும் விளையாடிக்கொண்டிருக்கும். அவள் கண்ணாடியைத் தூக்கினாள், மறுபடி இறக்கினாள். ஒலி இல்லை. அன்று முழுதும் காத்திருந்தாள். மாலையில் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். உப்பங்கழியும், கரையில் கிளிஞ்சல் குவியலும், குவியலின்மேல் நின்ற ஒரு நாரையின் கால்களும் தனித்தனியாகத் துலங்கின. பார்வை இருந்தது. அவளைத் தவிர அதன் வழியாகப் பார்ப்பவர் யாரும் இல்லை.

துக்கம் காப்பதா என்று குழாயடியில் பேச்சு வந்தது.

“செத்தாத்தானே துக்கம்?” என்றாள் அஞ்சலாட்சி. “அது வளர்ந்து போச்சு.”

“எங்க போச்சு?”

“எங்க போகும்? கண்ணா ஆயிடுச்சு.” சொல்லிவிட்டு, நிரம்பாத குடத்தை எடுத்துக்கொண்டு, வேகமாக வீட்டுக்குப் போனாள்.

பிறகு யார் யார் என்ன கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறுவைக்கான செலவை அரசுக் காப்பீட்டு அட்டை ஏற்றது. கறுப்புக் கண்ணாடிக்கும் போக்குவரத்துக்கும் முதலாளி பங்குனிக் கடைசியில் கொடுத்தார். சித்திரையில், டாக்டர் பர்வீன் நேரில் வந்து பேசிவிட்டுப் போனபின், கண் கழுவுவதற்கென்றே காளவாயின் நான்கு மூலையிலும் குழாய் வைத்துக் கொடுத்தார். முத்துக்குமாரசாமியின் மனைவி, வைகாசியில், பேருந்து நடத்துநரிடம் ஒரு புடவையைக் கொடுத்தனுப்பினாள். சொல்லி அனுப்பிய செய்தி ஒன்றும் இல்லை. தையல்நாயகி ஆனி மாதம், நகரத்துப் பிரசவ விடுதிக்குப் போய், யாரென்று சொல்லக்கூடாத அந்தத் தாய்க்கு உரியதென்று, தன் கூலியிலிருந்து வாங்கிய ஒரு தூளிப் புடவையைத் தலைமைச் செவிலியிடம் கொடுத்தாள். எந்தத் தாய்க்குக் கொடுப்பது என்று கேட்டதற்கு, “இன்னிக்குப் பெத்தவளுக்கு,” என்றாள்.

முத்துக்குமாரசாமி மறு ஆண்டு மாசியில், முதற் பிறந்தநாளென்று, ஒரு படி சர்க்கரையும் ஒரு சட்டையும் கொண்டுவந்தான்.

“அளவு சரியா இருக்குமா தங்கச்சி?”

அவள் சட்டையைத் தோளோடு தோள் பிடித்து விரித்துப் பார்த்தாள். “வளர்ற பிள்ளைதானேண்ணே. அடுத்த தடவை கொஞ்சம் பெருசாவே எடு.”

அடுத்த மாசியில் பெரிதாகவே எடுத்தான். மூன்றாம் மாசியில், காது குத்தும் வயதாயிற்றென்று, கால் பவுனில் ஒரு ஜோடி கடுக்கன் கொண்டுவந்தான். எந்தக் காதுக்கு என்று சிப்பிமேட்டில் ஒருவரும் கேட்கவில்லை. தையல்நாயகி பெற்றுக்கொண்டு, சீர்த்தட்டை வெறுமையாகத் திருப்புவது முறையன்று என்பதால், கைப்பிடி அரிசியும் ஒரு ரூபாய் நாணயமும் வைத்து, அண்ணன் கையில் கொடுத்தாள்.